தாழ்த்திய வண்டியும் தேயும் டயரும்

மோட்டார் வண்டியின் உயரத்தைக் குறைத்தால் அதன் டயர்கள் ஏன் ஒரு பக்கமாகத் தேய்கின்றன, அதனால் விளையும் கேடு யாது, அதைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பன பற்றி இன்று சிறிது நேரம் பேச எண்ணுகிறோம். இது பட்டறைக்காரர் பேச வேண்டிய பொருள் அன்றோ, வீட்டில் இருப்பவர்க்கு இதனால் என்ன பயன் என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு காரின் முழுப் பாரத்தையும், அதனுள் அமர்ந்திருக்கும் நம் மக்களின் உயிரையும் தாங்கி நிற்பவை, தரையைத் தொடும் நான்கு ரப்பர்ப் பரப்புகளே. அவை ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான் இருக்கும். அந்த உள்ளங்கை அளவில் பாதி நம் கண்ணுக்குத் தெரியாமல் அழிந்துபோகுமானால், அது வீட்டில் உள்ள அனைவரையும் பற்றிய விஷயமே.

கரோல் பாகில் வாழும் நமக்கு இப்பொருள் இன்னும் நெருக்கமானது. 1947-இல் நேர்ந்த பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த குடும்பங்கள் தம் உழைப்பால் வளர்த்த வணிகப் பேட்டை இது. மத்திய அரசு அலுவல்களை நாடித் தெற்கேயிருந்து வந்த நம்மவர் பலரும் இங்கேயே வீடு பிடித்தனர். பூசா சாலையில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்று நடந்து வருவதை யாவரும் அறிவர். அதே கரோல் பாகின் நாயிவாலா சந்துகளிலும், ஆரிய சமாஜ சாலையிலும், ஹர்தியான் சிங் சாலையிலும் வண்டிக்கு வேண்டிய அணிகலன்களும் உறுப்புகளும் குவிந்து கிடக்கின்றன. சென்னைத் திருவொற்றியூரில் உருவான புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு உறுப்பு வாங்கவும், புதுக் காருக்கு அகன்ற சக்கரம் பூட்டவும் தில்லியின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவ்வழியே நாள்தோறும் நடக்கிறார்கள். காரைத் தரையோடு தரையாகப் பதியச் செய்யும் ஆசை அங்கேதான் பலருக்கு முளைக்கிறது.

அந்த ஆசையை வெறும் பகட்டு என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. உயரம் குறைந்தால் வண்டியின் ஈர்ப்பு மையம் கீழே இறங்கும். திருப்பத்தில் உடல் சாய்வது குறையும். பந்தயக் கார்கள் தரையை ஒட்டி ஓடுவது இக்காரணம் பற்றியே. ஆனால் பந்தயக் காரை வகுத்தவர், உயரத்தைத் தாழ்த்தும்போதே மற்றெல்லா அளவுகளையும் அதற்கேற்ப வகுத்துவிடுகிறார். கடைவீதியில் ஒரு பிற்பகலில் சுருள் வில்லை மாற்றிக்கொண்டு வருபவர், ஓர் அளவை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறார். தொல்லை தொடங்கும் இடம் இதுதான்.

தாழ்த்தும் முறைகள் சில உண்டு. தாழ்ந்த உயரத்துக்கென்றே செய்த குட்டையான சுருள் வில்லைப் பூட்டுவது ஒன்று. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு வைத்த முழுத் தொகுதியை மாற்றுவது மற்றொன்று. இருக்கும் வில்லிலேயே ஒரு சுற்றை அறுத்துவிடுவதும், நெருப்பால் காய்ச்சி அமுக்கிவிடுவதும் மலிவான வழிகள். மிகவும் கேடானவையும் அவையே. காய்ச்சிய எஃகு தன் பதத்தை இழக்கும். அறுத்த வில் தன் இருக்கையில் சரியாக அமராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது இடம் பெயரவும் கூடும்.

இனி, சக்கரத்தின் கோணங்களுக்கு வருவோம். தேர்ந்த மெக்கானிக்குகள் மூன்று கோணங்களைப் பேசுவார்கள். முதலாவது கேம்பர். வண்டியை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, தலைப்பகுதி உட்பக்கம் சாய்ந்திருக்கிறதா, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்பதை இது குறிக்கும். இரண்டாவது டோ. மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நேரே நோக்குகின்றனவா, மூக்கு உள்ளே திரும்பியுள்ளனவா, வெளியே விலகியுள்ளனவா என்பது இது. மூன்றாவது காஸ்டர். சக்கரம் எந்த அச்சைப் பற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சு பக்கத்திலிருந்து பார்க்கையில் எவ்வளவு பின்னோக்கிச் சாய்ந்துள்ளது என்பதைச் சொல்வது. திருப்பிய ஸ்டீயரிங் தானே நேர்நிலைக்கு மீள்வது இதனால்தான். காஸ்டர் பிசகினால் வண்டியின் போக்கில் நிலைப்பாடு குறையும். டயரைத் தின்பதில் அதற்குப் பங்கு குறைவு. டயரைத் தின்பவை முதலிரண்டுமே.

இவற்றை எளிதில் விளங்கிக்கொள்ள நம் காலில் உள்ள செருப்பைப் பார்த்தாலே போதும். பழைய செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்து, அதை அணிந்தவர் எப்படி நடப்பவர் என்பதைச் செருப்புத் தைப்பவர் சொல்லிவிடுவார். காலைச் சாய்த்து ஊன்றுபவரின் செருப்பு ஒரு விளிம்பில் தேயும். காலை இழுத்து நடப்பவரின் செருப்பு விரைந்து தேயும். சாய்த்து ஊன்றுவது கேம்பர் போன்றது. கோணலாக வைத்து இழுப்பது டோ போன்றது. இரண்டும் ஒருங்கே சேர்ந்தால் அந்தச் செருப்பு எத்தனை நாள் தாங்கும்?

இன்று பெரும்பாலான சிறு கார்களின் முன்சக்கரங்கள் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்னும் அமைப்பில் தொங்குகின்றன. ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் வகுத்த முறை இது. சுருள் வில்லும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக மேலே நிற்க, கீழே ஒரு கை சக்கரத்தைப் பற்றியிருக்கும். 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 இவ்வமைப்பை நம் நாட்டில் வீதிதோறும் கொண்டு சேர்த்தது. இவ்வமைப்புள்ள வண்டியைத் தாழ்த்தும்போது கீழ்க்கையின் சரிவு மாறுகிறது. அதன் முனை வில்வட்டமாக நகர்ந்து சக்கரத்தின் அடிப்பகுதியை வெளியே தள்ளுகிறது. அடி வெளியே போனால் தலை உள்ளே சாயும். ஓரிரு அங்குலத் தாழ்வுக்கே கேம்பர் ஒரு பாகைவரை மாறிவிடுவதுண்டு. பாரம் முழுவதும் அப்போது டயரின் உள்விளிம்பில் போய் அமர்கிறது.

டோ மாறுவது இன்னும் நுட்பமானது. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டை ராடு என்னும் கம்பியும், மேலே சொன்ன கீழ்க்கையும் ஒரே நீளமுடையவை அல்ல. ஒரே புள்ளியில் பிணைந்தவையும் அல்ல. ஒரே நிலையில் மாட்டப்படாத, அகலம் வேறுபட்ட இரு கதவுகளை ஒரே அளவு திறந்தால் அவற்றின் ஓரங்கள் வெவ்வேறு வட்டங்களில் நகர்வதைக் காணலாம். அதுபோலவே வண்டி கீழே இறங்கும்போது இவ்விரு கம்பிகளின் முனைகளும் வெவ்வேறு வட்டங்களில் நகர்கின்றன. அவற்றிடையே விழும் சிறு வேற்றுமை சக்கரத்தின் மூக்கை உள்ளேயோ வெளியேயோ திருப்பிவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பும் என்பது அந்தந்த வண்டியின் அமைப்பைப் பொறுத்தது.

அந்தச் சிறு வேற்றுமை என்ன செய்துவிடும் என்று எண்ணுவோர்க்கு ஒரு கணக்குச் சொல்வோம். ஒரு சக்கரம் நேர்வழியிலிருந்து அரைப் பாகை மட்டும் விலகி நோக்குகிறது என்று கொள்வோம். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க இயலாது. அச்சக்கரம் தான் நோக்கும் திசையில் உருள விரும்பும். வண்டியோ அதை நேரே இழுத்துச் செல்லும். ஆகவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 8.7 மீட்டர் அந்த டயர் பக்கவாட்டில் உரசி இழுபடும். கோடை விடுமுறைக்குத் தில்லியிலிருந்து சென்னைக்குக் காரிலேயே புறப்படும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. வழி ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர். ஊர் போய்ச் சேரும்போது அந்த டயர் சுமார் 19 கிலோமீட்டர் தார்ச்சாலையில் குறுக்காகத் தேய்க்கப்பட்டிருக்கும். ரப்பர்த் துண்டால் காகிதத்தைத் தேய்ப்பது போன்றதே இது; இங்கே அழிவது ரப்பர்.

கேம்பர் பிசகு மட்டும் இருந்தால் தேய்மானம் மெதுவாகவே நடக்கும். டோவும் கூடப் பிசகும்போதுதான் அது விரைவுபடுகிறது. ஒன்று பாரத்தை விளிம்புக்குத் தள்ளுகிறது. மற்றொன்று அந்த விளிம்பைச் சாலையில் வைத்துத் தேய்க்கிறது. சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே புதிய டயரின் உள்விளிம்பு வழுக்கையாகிவிடுவதற்குக் காரணம் இந்தக் கூட்டே.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ஐந்து பேர் ஏறி, பின்னே பெட்டிகளையும் ஏற்றினால் வண்டி தாழத்தானே செய்கிறது, அப்போது மட்டும் டயர் தேயாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வியே. அப்போதும் கோணங்கள் மாறவே செய்யும். ஆயினும் அந்த மாற்றம் வகுத்தவர் எதிர்பார்த்த எல்லைக்குள் அமைந்தது; பாரம் இறங்கியதும் மறைவது. வில்லைக் குட்டையாக்கிய வண்டியோ பாரம் ஏற்றிய நிலையிலேயே எந்நாளும் நிற்கிறது. பாரம் ஏறினால் அதற்கும் கீழே போகிறது.

இன்னொன்றும் நினைவில் கொள்ளத்தக்கது. வேண்டுமென்று தாழ்த்தாத வண்டியும் முதுமையால் தாழும். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரை நம்மில் மூத்தோர் நன்கு அறிவர். அதன் பழைய வகைகளில் முன்புறம் முறுக்குக் கம்பியும், பின்புறம் இங்குள்ளோர் கமானி என்று சொல்லும் பட்டை வில்லும் இருந்தன. எந்த வகை வில்லும் ஆண்டுக்கணக்கான பாரத்தால் சிறுகச் சிறுகத் தளரும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் வண்டி அப்பக்கம் சாய்ந்து நிற்கும். எனவே, பழைய கார் வாங்கும் அன்பர்களுக்கும் இப்பேச்சு பொருந்துவதே.

தேய்மானம் உள்விளிம்பில் நிகழ்வதுதான் இதன் பெரிய அபாயம். வண்டியை விட்டு இறங்கும்போது நம் கண்ணில் படுவது டயரின் வெளிப்பக்கம். அங்கே பள்ளங்கள் ஆழமாகவும் அழகாகவும் இருக்கும். உள்பக்கத்திலோ ரப்பர் கரைந்து நூலிழைகள் வெளிப்பட்டிருக்கும். தில்லியில் ஆடி, ஆவணி மழை கொட்டும்போது, டயரின் பள்ளங்களே அடியில் சிக்கும் நீரை வெளியேற்றுகின்றன. பள்ளம் இல்லாத டயர் நீரின்மேல் மிதந்து சறுக்கும். பிரேக் பிடித்தாலும் வண்டி நிற்காது. கோடையின் கொதிக்கும் சாலையிலோ, நைந்த விளிம்பு நெடுவழியில் வெடித்துவிடக்கூடும்.

டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் குறுக்கே அமைந்திருப்பதைக் காணலாம். காருக்குரிய டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும்போது மேல்பரப்பு அம்மேடுகளோடு சமமாகும். அந்நிலை வந்தால் டயரை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் இந்த மேடுகள் முதன்மையான பள்ளங்களில் இருப்பவை. நடுவே உள்ள மேட்டை மட்டும் பார்த்துவிட்டு டயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு. உள்விளிம்பைத் தனியே பார்த்தல் வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? மாதம் ஒரு முறை, வண்டி சமதரையில் நிற்கையில், ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதும் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டால் முன்சக்கரத்தின் மேற்பரப்பு நன்றாக வெளித் தெரியும். டயர் ஆறிய பின், நூலிழையோ கம்பியோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, உள்ளங்கையை அதன்மேல் குறுக்காக, வெளியிலிருந்து உள்ளேயும், உள்ளிருந்து வெளியேயும் மெல்லத் தடவ வேண்டும். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் உணர்ந்தால் டோ பிசகியிருக்கிறது என்பது துணிபு. பல் எதுவுமின்றி ஒரு விளிம்பு மட்டும் வழுவழுவென்று சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பரை ஐயுறலாம். இரு விளிம்புகளும் தேய்ந்து நடு மட்டும் மேடாக நின்றால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்து விளிம்புகள் நின்றால் காற்று மிகுதி. ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம். கல்வி, கருவி எதுவும் வேண்டாத சோதனை இது. வண்டி ஓட்டாதவரும் செய்யலாம்.

பிசகு தெரிந்தபின் பட்டறைக்குச் செல்வோம். அங்கே நம்மவர் பலர் செய்யும் மயக்கம், அலைன்மென்டையும் பேலன்சிங்கையும் ஒன்றென எண்ணுவது. பேலன்சிங் என்பது சக்கரத்தைச் சுற்றிலும் எடை சமமாக இருக்கும்படி சிறு ஈயக்கட்டி போன்ற எடைகளைப் பொருத்துவது. விரைந்து போகையில் ஸ்டீயரிங் நடுங்கினால் அதற்குரிய மருந்து அது. வண்டி ஒரு பக்கமாக இழுத்தாலும், டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தாலும் வேண்டியது அலைன்மென்ட். இந்தியில் விளக்கத் தயங்குவோர், ‘டயர் அந்தர் ஸே கிஸ் ரஹா ஹை’ என்று சொன்னால் போதும். டயர் உள்பக்கம் தேய்கிறது என்பதை அவர் புரிந்துகொள்வார்.

வேலை நடக்க வேண்டிய வரிசை முக்கியமானது. முதலில் நான்கு டயர்களிலும் காற்றின் அளவைச் சரிசெய்தல் வேண்டும். அடுத்து, பால் ஜாயின்ட், டை ராடு முனை, கீழ்க்கையின் ரப்பர் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆடும் மூட்டை வைத்துக்கொண்டு கோணத்தைச் சீர்ப்படுத்துவது ஆடும் தூணில் படம் மாட்டுவது போலாகும். பின்னர், இடமும் வலமும் உயரம் ஒத்திருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். அதன் பின்னரே கேமராவும் பலகையும் கொண்ட கருவியில் ஏற்ற வேண்டும். முதலில் பின்சக்கரங்கள், பிறகு முன்சக்கரங்களின் காஸ்டரும் கேம்பரும், இறுதியில் டோ என்பதே முறை. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். ஆகவே டோவை முதலில் வைத்துக் கேம்பரைப் பின்னர் தொட்டால் முதல் வேலை வீண்.

பல சிறு கார்களில் டோவை மட்டுமே திருகி மாற்ற முடியும். கேம்பரைச் சீர்ப்படுத்த ஆலையார் இடம் வைப்பதில்லை. தாழ்த்திய வண்டியில் அதற்கெனக் கேம்பர் போல்ட் என்னும் தனிப் போல்ட்டுகளைப் பூட்ட நேரிடும். அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேல் தாழ்த்திய வண்டிக்கு எந்தக் கருவியும் உதவாது. மீண்டும் உயர்த்துவதே வழி. வேலை முடிந்ததும் முன்னும் பின்னும் இருந்த அளவுகளை அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்க வேண்டும். இருபுறத்து டை ராடுகளையும் சமமாகத் திருகாமல் ஒன்றை மட்டும் திருகியிருந்தால், வண்டி நேரே போகையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். அதையும் ஓட்டிப் பார்த்தபின் பணம் கொடுக்கலாம். புதிய வில் பூட்டியவர்கள் உடனே ஒரு முறையும், சில நூறு கிலோமீட்டர் ஓடி வில் படிந்தபின் மறுமுறையும் அளப்பது நலம். முன் டயரைப் பின்னும் பின் டயரை முன்னும் மாற்றுவதால் தேய்மானம் பங்கிடப்படும், நோய் தீராது.

சட்டத்தின் நிலையையும் இங்கே சொல்லிவிடுவது கடமை. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் ஆலையார் குறித்த மூல விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. மேலும், காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவியாமல் செய்த மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு கேட்கும்போது வழக்குக்கு இடமாகலாம். சந்துதோறும் வேகத்தடை நிற்கும் நகரத்தில், தாழ்ந்த வண்டியின் வயிறு ஒவ்வொன்றிலும் உரசும் என்பது வேறு.

உருவத்தில் சிறியது என்று எதையும் இகழலாகாது என்பதை உணர்த்த வள்ளுவர் பெருந்தேரின் அச்சாணியை எடுத்துக் காட்டினார். இன்றைய வண்டிக்கு அந்த அச்சாணியின் இடத்தில் நிற்பது கண்ணுக்குத் தெரியாத அரைப் பாகை. நம் பிள்ளைகள் வண்டியைத் தாழ்த்த விரும்பினால் வெறுமனே கடிந்துகொள்வதால் பயன் விளையாது. உயரத்தைத் தொட்டால் கோணங்களும் மாறும், அந்தச் செலவும் இதில் சேர்ந்ததே என்பதை வேலை தொடங்குமுன் அவர்களுக்கு எடுத்துரைப்போம். விலையைக் கூட்டிப் பார்க்கும்போது வில்லின் விலையோடு அலைன்மென்டின் விலையையும், கேம்பர் போல்ட்டின் விலையையும், காலத்துக்கு முன் மாற்ற வேண்டிய இரண்டு டயர்களின் விலையையும் சேர்த்து எழுதச் சொல்வோம். அந்தக் கணக்கைக் கண்டபின் பலர் வண்டியை இருந்தபடியே விட்டுவிடக்கூடும். விடாதவர்களும் செய்வதை அறிந்து செய்வார்கள்.

எவ்வாறாயினும், ஊருக்குப் புறப்படும் முன் பெட்டிகளை ஏற்றுவதற்கு முன்னால், அந்த நான்கு டயர்களின் உள்விளிம்பையும் ஒரு முறை கையால் தடவிப் பார்ப்பது நம் வழக்கமாகட்டும்.